இளைப்பாற எண்ணிய இசைமேதை

ஆசிரியர் ஒருவர் குறித்த வயதை அடைந்ததும் இளைப்பாறுகின்றார். பிரியாவிடை வைபவம் நடைபெறுகின்றது. கழுத்திலே மாலை விழுகின்றது. மறுநாட் காலையிலே பாடசாலை மணியோசை கேட்கும்போது, புறப்படவேண்டிய அவசியம் இல்லாதவராய் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கின்றார். அரசாங்க உத்தியோகத்தருக்கும் அவ்வாறே. ஆனால், கலைஞனுக்கு இளைப்பாறும் வயதை வகுத்தவர் எவர்? அவனுக்கு ஓய்வுக் கடிதம் வரைபவர் எவர்? வரைவதாயின் அவனே தனக்கு வரைந்துகொள்ளல் வேண்டும். அவ்வாறு வரைந்துகொண்டு, ஆண்டொன்று கழியுமுன்னரே அதனைத் தானே கிழித்தெறிந்த ஒருவரின் கதையை இங்கு நோக்குவோம்.

அவர் பெயர் யொஹானெஸ் பிராம்ஸ். மேனாட்டுச் சங்கீத உலகிலே பாக், பீதோவன், பிராம்ஸ் என மூவரை ஒருங்கே வைத்து எண்ணும் வழக்கொன்று உண்டு. ஹான்ஸ் ஃபொன் பூலோ என்னும் புகழ்வாய்ந்த இசைக்குழு நடத்துநர் பரப்பிய வழக்கு அது. அம்மூவருள் இறுதியானவரின் சிம்பனிகளையும் பாடல்களையும் பற்றி அறிஞர் நிரம்ப எழுதியுள்ளனர். நாம் இங்கே காண விழைவது அவருடைய அன்றாட வாழ்வை. பிறந்த நகரம் ஒன்று, வாழ்ந்த நகரம் வேறொன்று, குடியிருந்தது வாடகை அறையில், உண்டது தவறணையில், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் கூட்டத்தோடு மலைச்சாரல்களில் நடந்தார். இத்துணை எளிய வாழ்வினுள்ளே எத்துணைப் பெரிய துயரும் நிறைவும் அடங்கியிருந்தன என்பதே நம் பொருள்.

துறைமுக நகரத்துப் பிள்ளை

வட ஜேர்மனியின் பெருந் துறைமுகமாகிய ஹம்பேர்க் நகரிலே, 1833ஆம் ஆண்டு மே மாதம் 7ஆந் திகதி பிராம்ஸ் பிறந்தார். தந்தை யொஹான் யாக்கொப் கொம்பும் டபிள் பாஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியும் வாசித்து, நடனசாலைகளிலும் தவறணைகளிலும் பிழைப்பு நடத்தியவர். தாய் கிறிஸ்தியானே தையல் வேலை செய்தவர். கணவனிலும் பதினேழு வயது மூத்தவர். நெருக்கமான குடியிருப்பொன்றின் சிற்றறைகளே அவர்களுடைய இல்லம். சிறுவன் பிராம்ஸ் மாலுமிகள் கூடும் மதுச்சாலைகளிலே நள்ளிரவு வரை பியானோ வாசித்துக் குடும்பத்துக்கு உதவினான் எனப் பழைய வரலாறுகள் கூறும். பிற்கால ஆய்வாளர் சிலர் அதனை ஐயுறுவர். எவ்வாறாயினும், ஏழ்மையின் நிழலிலே வளர்ந்த பிள்ளை அவர் என்பதும், மதுச்சாலையின் இரைச்சல் அவர் காதுக்குப் புதியதன்று என்பதும் மெய்.

இருபதாவது வயதிலே, 1853ஆம் ஆண்டில், அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அந்தக் கோடையிலே ரைன் நதிக்கரை வழியே பல நாள் கால்நடையாகச் சென்றார். நடப்பதில் அவருக்கு இருந்த தீராத விருப்பத்துக்கு அதுவே முதற்சான்று. அந்த நடையின் முடிவிலே டுசெல்டோர்ஃப் நகரில் றொபேர்ட் ஷூமான், கிளாரா ஷூமான் என்னும் தம்பதிகளின் கதவைத் தட்டினார். கணவர் பெரும் இசைப் புலவர். மனைவி ஐரோப்பா முழுவதும் அறிந்த பியானோ விற்பன்னர். இளைஞனின் இசையைக் கேட்ட ஷூமான், வருங்காலம் காத்திருந்த மேதை இவனே எனப் பத்திரிகையிற் கட்டுரை எழுதி உலகுக்கு அறிவித்தார். சில மாதங்களுள்ளே ஷூமானின் சித்தம் கலங்கியது. 1856ஆம் ஆண்டு அவர் மனநோய் விடுதியிலே மறைந்தார். கிளாராவுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் உறுதுணையாக நின்றார் பிராம்ஸ். தம்மிலும் பதினான்கு வயது மூத்த அந்த அம்மையார்மீது அவர் கொண்ட அன்பு திருமணத்தில் முடியவில்லை. நாற்பதாண்டு கடந்தும் குறையவுமில்லை.

பிறந்த ஊர் அடைத்த கதவு

1862ஆம் ஆண்டு செப்டெம்பரிலே பிராம்ஸ் முதன்முறையாக வியன்னாவுக்குச் சென்றார். சில மாதம் தங்கித் திரும்புவதே அவரது எண்ணம். ஹம்பேர்க்கின் இசைக்குழுவை நடத்தும் பதவி வெற்றிடமாகும் நிலையில் இருந்தது. அது தமக்கே கிடைக்கும் என நம்பினார். பதவி கிடைப்பின் சொந்த ஊரிலே நிலைத்து, மணம் புரிந்து, பெற்றோருக்கு அண்மையில் வாழலாம் என எண்ணியிருந்தார். ஆனால், அப்பதவி அவருடைய நண்பரும் பாடகருமாகிய யூலியுஸ் ஸ்ரொக்ஹவுசனுக்குப் போயிற்று. அச்செய்தி வியன்னாவிலே அவரை வந்தடைந்தது.

அந்தப் புண் அவருள்ளத்தில் இறுதிவரை ஆறவில்லை. மற்ற மனிதர்போலத் தானும் ஓரிடத்தில் கட்டுண்டு வாழ விரும்பியதையும், தனிமையை அஞ்சியதையும் அவர் கிளாராவுக்குக் கடிதத்திற் புலப்படுத்தினார். ஊர் ஒதுக்கிய பிள்ளையை வேற்றூர் ஏற்றது. வியன்னாவிலே பாடகர் குழுவொன்றை நடத்தினார். பின்பு 1872 முதல் 1875 வரை இசை அன்பர் சங்கத்தின் கச்சேரிகளை நடத்தினார். அதன்பின் அவர் எந்தப் பதவியையும் வகிக்கவில்லை. உருப்படிகளின் பதிப்பு வருவாயே அவருக்குப் போதுமானதாயிற்று. எனினும், அவருடைய பேச்சிலே வட ஜேர்மனியின் சாயல் மாறவில்லை. முப்பத்தைந்து ஆண்டு பழகியும் அவர் அந்நகரின் விருந்தாளியாகவே இருந்தார் எனலாம்.

1871ஆம் ஆண்டின் முடிவிலே காள்ஸ்காசே என்னும் தெருவின் 4ஆம் இலக்க வீட்டில் மேல்மாடி அறைகளை வாடகைக்கு எடுத்தார். இறக்கும்வரை அவ்வில்லம் மாறவில்லை. ஐரோப்பாவின் பெரும் பதிப்பாளர் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலத்திலும் அவர் சொந்தமாக வீடு வாங்கினாரல்லர். பியானோ ஒன்று, நூல்கள், பழைய இசைமேதைகளின் கையெழுத்துப் பிரதிகள், பீதோவனின் மார்பளவுச் சிலை, கோப்பி வடிக்கும் கருவி ஆகியவை அவருடைய சொத்தின் பெரும்பகுதி. விடியுமுன் எழுந்து, கடுங் கோப்பியைத் தம் கையாலேயே வடித்து, சுருட்டொன்றைப் பற்றவைத்துக்கொண்டு வேலையில் அமர்வார். 1887ஆம் ஆண்டு முதல் செலெஸ்தீனே திறுக்சா என்னும் கைம்பெண் அவருடைய இல்லத்தைப் பேணினார். அவருடைய இரு சிறு புதல்வர்களிடம் பிராம்ஸ் பேரன்பு கொண்டிருந்தார்.

சிவப்பு முள்ளெலி

நண்பகலானதும் தொப்பியைக் கையிலேந்தி, கைகளைப் பின்னாற் கோத்து, குட்டையான தடித்த உருவமும் மார்பளவு தாடியுமாக அவர் தெருவில் இறங்குவார். காற்சட்டை கணுக்காலுக்கு எட்டாது மேலே நிற்கும். அவர் செல்லும் இடம் சிவப்பு முள்ளெலி என்னும் பெயருடைய தவறணை. அங்கே கனவான்கள் உண்ணும் அறைகள் இருந்தன. அவரோ வண்டிக்காரரும் எளிய மக்களும் கூடும் மங்கலான அறையையே விரும்பினார். மலிவான உணவு, ஒரு குவளை பியர் அல்லது வைன், நண்பரிருவர் பேச்சு: அவருக்கு வேண்டியது அவ்வளவே.

அந்தத் தவறணையிலே 1889ஆம் ஆண்டு நிகழ்ந்த சந்திப்பொன்றை வியன்னா நெடுங்காலம் பேசி மகிழ்ந்தது. அன்றோன் புறுக்னர் என்னும் மற்றொரு சிம்பனி ஆசிரியரும் அந்நகரில் வாழ்ந்தார். இருவருடைய அன்பர்களும் இரு கட்சிகளாகப் பிரிந்து பத்திரிகைகளிலே போர் புரிந்துகொண்டிருந்தனர். சமாதானம் செய்விக்க எண்ணிய நண்பர்கள் இருவரையும் ஒரு மேசையில் அமர்த்தினர். இருவரும் வாய் திறவாது நெடுநேரம் இருந்தனர். இறுதியில் உணவுப் பட்டியலை எடுத்தபோது, இருவரும் புகையிட்ட இறைச்சியும் மாவுருண்டையுமே தமக்குப் பிடித்த உணவு எனக் கண்டு நகைத்தனராம். சிம்பனியிற் காணாத ஒற்றுமையை மாவுருண்டையிற் கண்ட அந்த மாலை இனிதாகவே கழிந்தது. மறுநாள் கட்சிகள் பழையபடி இருந்தன என்பது வேறு செய்தி.

பிராம்ஸை எல்லாரும் விரும்பினர் என்று கூறுவது உண்மையாகாது. அவருடைய நா கூர்மையானது. தம் உருப்படியைக் காட்ட வந்த இளைஞர் பலரை அவர் மனம் நோகச் செய்தார். நெருங்கிய நண்பரும் அந்த முள்ளின் குத்துக்குத் தப்பவில்லை. முள்ளெலித் தவறணைக்கு ஏற்ற விருந்தாளி அவர் என நகைத்தவரும் உண்டு. ஆனால், திறமையைக் கண்டவிடத்து அவர் கை நீண்டது. பெயரறியாதிருந்த செக் நாட்டவராகிய அன்ரனின் த்வோஷாக்கைத் தம் பதிப்பாளர் சிம்றொக்குக்கு அறிமுகஞ் செய்தவர் அவரே. பிற்காலத்தில் த்வோஷாக் அமெரிக்காவில் இருந்தபோது, அவருடைய நூல்களின் அச்சுப் பிழைகளைத் திருத்தும் சலிப்பூட்டும் வேலையையும் தாமே ஏற்றார். தெருவில் எதிர்ப்படும் குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காக அவருடைய சட்டைப்பையிலே எப்போதும் இனிப்பு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நடை

வாரத்தில் அவர் மிக விரும்பியது ஞாயிற்றுக்கிழமை. வியன்னாவின் மேற்குப் புறத்தே காடடர்ந்த குன்றுகள் உள்ளன. நண்பர்கள் குறித்த இடத்திற் கூடுவர். பியானோ வித்துவான்கள் அன்றோன் டோர், இக்னாஸ் புறுல். பின்னாளில் பிராம்ஸின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய மக்ஸ் கல்பெக். நூலகர் மண்டிசெவ்ஸ்கி முதலியோர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பல மணி நேரம் மேடும் பள்ளமும் ஏறியிறங்கி, திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூரொன்றின் விடுதியில் உண்டு, வைன் அருந்தி, பொழுது சாயத் திரும்புவர். தொப்பியின்றி முன்னே விரையும் அந்த வெண்டாடிக்காரரைப் பின்தொடர்வது இளைஞருக்கும் எளிதாக இருக்கவில்லை.

நடையிலே விளையாட்டும் உண்டு. குஸ்தாவ் நொத்தெபோம் என்னும் அறிஞர் பீதோவனின் குறிப்பேடுகளை ஆராய்ந்து புகழ் பெற்றவர். அவர் வழமையாகப் பாற்கட்டி வாங்கும் பிறாற்றர் பூங்காவின் வியாபாரியிடம் பிராம்ஸ் முன்னரே ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அன்று மாலை பாற்கட்டியைச் சுற்றிக் கொடுத்த தாளிலே பீதோவனின் கையெழுத்தைப் போன்ற இசைக் குறிப்புகள் காணப்பட்டன. விளக்கின் கீழே தாளைப் பிடித்துப் பார்த்த நொத்தெபோம் ஒன்றும் பேசாமல் அதனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெறுங்கையிலே பாற்கட்டியை வைத்துத் தின்றுகொண்டு நடந்தார். அதிலிருந்ததோ அந்நாளைய தெருப்பாட்டு என நண்பர்கள் கதை சொல்வர். அதே நொத்தெபோம் 1882ஆம் ஆண்டு கிறாற்ஸ் நகரிலே தனியராய் நோயுற்று இறந்தபோது, அங்கு விரைந்து சென்று அடக்கத்துக்கு ஆவன செய்தவரும் பிராம்ஸே.

1867ஆம் ஆண்டு, ஹம்பேர்க்கை விட்டு அதிகம் வெளியேறாத தம் முதிய தந்தையை வரவழைத்து, வியன்னாவைக் காட்டி, அல்ப்ஸ் மலைப் பகுதிகளிலே அவரோடு உலாவினார். தாய் அதற்கு இரண்டாண்டு முன்பே, 1865ஆம் ஆண்டிலே, மறைந்திருந்தார். தவறணைகளிலே இரவெல்லாம் வாசித்து முதுகு வளைந்த தந்தை, பனிமலைகளின் முன்னே மகனோடு நின்ற அந்தக் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தல் வேண்டும். மகன் செலுத்திய நன்றிகளுள் அதைவிடச் சிறந்ததொன்று இல்லை.

எழுதிய ஓய்வுக் கடிதம்

கோடை தோறும் பிராம்ஸ் நகரை நீங்கி ஏரிக்கரைக் கிராமங்களுக்குச் செல்வார். அங்கேதான் பெரிய உருப்படிகள் பிறந்தன. 1889 முதல் ஒஸ்திரியாவின் இஷ்ல் என்னும் ஊரே அவருடைய கோடை வாசத்தலமாயிற்று. 1890ஆம் ஆண்டு, ஐந்து நரம்புக் கருவிகளுக்கான உருப்படியொன்றை அங்கே முடித்தார். அது அவருடைய 111ஆம் இலக்க நூல். அப்போது வயது ஐம்பத்தேழு. இனிப் போதும் எனத் தீர்மானித்தார். பதிப்பாளருக்கு அதனைக் குறிப்பாக அறிவித்தார். முடிவுறாத கையெழுத்துத் தாள்கள் பலவற்றைக் கிழித்து, இஷ்லின் ஊடாக ஓடும் திறவுன் ஆற்றிலே எறிந்துவிட்டதாகவும் எழுதினார். அடுத்த ஆண்டு மரண சாசனத்தையும் ஒரு கடித வடிவில் எழுதிவைத்தார்.

ஏன் இந்த முடிவு? ஆற்றல் குன்றிய பின்னும் எழுதிக் குவித்தல் அவருக்கு அருவருப்பானது. குறையுள்ள தாள் தமக்குப் பின் எஞ்சுதல் ஆகாது என்பதில் வாழ்நாள் முழுவதும் கண்டிப்பாக இருந்தவர் அவர். தவிரவும், ஏழைக் குடும்பத்திற் பிறந்து சிறுவயது முதல் உழைத்தவன், முதுமையிலே கவலையின்றித் தவறணையிலும் மலைச்சாரலிலும் பொழுது போக்குவதிலே தவறென்ன என்றும் எண்ணினார்.

ஆனால், அந்த ஓய்வு நீடிக்கவில்லை. 1891ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே மைனிங்கன் என்னும் சிற்றரசின் தலைநகருக்குச் சென்றவர், அங்குள்ள இசைக்குழுவிலே றிஷார்ட் மூல்ஃபெல்ட் கிளாரினெற் என்னும் துளைக்கருவியை வாசிக்கக் கேட்டார். மூல்ஃபெல்ட் முதலில் வயலின்காரராக அக்குழுவிற் சேர்ந்து, கிளாரினெற்றைத் தம் முயற்சியாலேயே பயின்றவர். அந்த நாதத்தின் மென்மை பிராம்ஸின் உள்ளத்திலே அடைத்திருந்த ஊற்றைத் திறந்துவிட்டது. அந்தக் கோடையிலேயே அக்கருவிக்கென இரு உருப்படிகளை இயற்றினார். அவற்றுள் ஒன்றாகிய, கிளாரினெற்றும் நான்கு நரம்புக் கருவிகளும் இசைக்கும் நூல் அவருடைய படைப்புகளின் சிகரங்களுள் ஒன்றென எண்ணப்படுகின்றது. பின்னர் 1892, 1893ஆம் ஆண்டுகளில் பியானோவுக்கான சிறு உருப்படிகளும், 1894இல் மேலும் இரு கிளாரினெற் நூல்களும் வந்தன. இனி எழுதவேண்டியதில்லை என்ற எண்ணம் தந்த மகிழ்ச்சியே மீண்டும் எழுதத் தூண்டியது என அவர் நண்பரிடம் கூறினாராம். கடமை என்னும் சுமை நீங்கியபோது கலை விளையாட்டாய் வந்தது. இளைப்பாறியோர் சிந்திக்கத்தக்க உண்மை இது.

வெறுமையாகும் மேசை

எனினும், அந்த ஆண்டுகளிலே மேசையைச் சூழ்ந்திருந்த ஆசனங்கள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. 1892ஆம் ஆண்டு சகோதரி எலிசெயும், அவர் பெரிதும் மதித்த தோழி எலிசபெத் ஃபொன் ஹெர்ற்சொகன்பேர்க்கும் மறைந்தனர். 1894ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, ஒரே வாரத்துள், இத்தாலிப் பயணங்களில் அவரோடு சென்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் தியோடோர் பில்றொத்தும் நடத்துநர் பூலோவும் இறந்தனர். அந்த ஆண்டிலேதான், முப்பதாண்டுக்கு முன் மறுத்த அதே பதவியை ஹம்பேர்க் அவருக்கு அளிக்க முன்வந்தது. உரிய காலத்தில் வாராத அழைப்பை அவர் ஏற்கவில்லை. காத்திருந்த காலம் கடந்துவிட்டதென உணர்த்தி விடையெழுதினார். அவர் பதவிக்கு ஏங்கியது வீடொன்று அமைப்பதற்காகவே. வீட்டில் இருந்திருக்க வேண்டிய தாய் தந்தையர் இல்லை. மனைவி மக்கள் அமையவில்லை. இனி அங்கே யாரிடஞ் செல்வது?

1896ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி கிளாரா ஷூமான் ஃபிராங்ஃபேர்ட்டிலே காலமானார். இஷ்லில் இருந்த பிராம்ஸுக்குத் தந்தி தாமதித்தே கிடைத்தது. உடனே புகையிரதம் ஏறினார். வழியிலே வண்டி மாறுவதில் தவறு நேர்ந்தது. ஃபிராங்ஃபேர்ட்டை அடைந்தபோது, அடக்கம் பொன் நகரில் என அறிந்து மீண்டும் ஓடினார். ஒன்றரை நாளுக்கு மேற்பட்ட பயணத்தின் பின், நாற்பதாண்டுக்கு முன் றொபேர்ட் ஷூமானை அடக்கஞ் செய்த அதே மண்ணிலே, கிளாராவின் பேழை இறங்கும் வேளைக்கே வந்து சேர்ந்தார்.

அந்தப் பயணத்தின் பின் அவர் பழைய மனிதராய் இல்லை. உடல் மஞ்சள் பூத்தது. ஈரல் நோய் என்றனர் மருத்துவர். இன்னாத செய்தி எதையும் தம்மிடஞ் சொல்லவேண்டாம் என அவர் மருத்துவரைக் கேட்டுக்கொண்டார். உடல் மெலிந்த நிலையிலும் நண்பர் இல்லங்களுக்குச் செல்வதை நிறுத்தவில்லை. 1897ஆம் ஆண்டு மார்ச் 7ஆந் திகதி, வியன்னாவிலே ஹான்ஸ் றிக்ற்றர் அவருடைய நான்காஞ் சிம்பனியை நடத்தினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் சபையோர் எழுந்து ஆரவாரித்தனர். மேன்மாடத்திலே உடல் வாடிய முதியவர் கண்ணீர் வழிய நின்று அவர்களை நோக்கினார். இருசாராரும் அது விடைபெறும் தருணமென்பதை அறிந்திருந்தனர். விருந்தாளியாய் வந்தவரை நகரம் தன் பிள்ளையாய் ஏற்றுக்கொண்டது அன்றுதான்.

ஏப்பிரல் 3ஆந் திகதி காலை, காள்ஸ்காசே வாடகை அறையிலே அவர் உயிர் பிரிந்தது. பீதோவன், சூபேர்ட் ஆகியோரின் கல்லறைகளுக்கு அருகே அவரை அடக்கஞ் செய்தனர். அன்று ஹம்பேர்க் துறைமுகத்திலே கப்பல்களின் கொடிகள் அரைக்கம்பத்திற் பறந்தன. மரண சாசனம் சட்டப்படி உறுதிப்படுத்தப்படாமையால், சொத்தைப் பற்றிய வழக்கு நெடுங்காலம் நடந்தது. அவர் வாழ்ந்த வீடும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இடிக்கப்பட்டது.

வீடும் இல்லை, மக்களும் இல்லை, பதவியும் இல்லை. ஆயினும், ஒரு தவறணை மேசையும் ஞாயிற்றுக்கிழமை நடையும் சில நண்பரும் ஒரு மனிதனைத் தனிமையினின்று எவ்வளவு தூரம் காக்கக்கூடும் என்பதற்கு பிராம்ஸின் வாழ்வு சான்று. முற்றாகக் காக்க அவற்றால் இயலவில்லை என்பதற்கும் அதுவே சான்று. எஞ்சிய தனிமையை அவர் எவரிடமும் சொல்லவில்லை. கிளாரினெற்றின் தாழ்ந்த நாதத்திலே அதனை வைத்துச் சென்றார். ஓய்வுக் கடிதத்தைக் கிழித்தபின் அவர் எழுதிய அந்த இசையை மாலைப் பொழுதொன்றிலே அமைதியாக அமர்ந்து கேட்போர், இதனை எளிதில் உணர்வர்.